ஐவர் பெயர், ஒருவர் உழைப்பு

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் குழுச் செயல்திட்டம் இன்று வழக்கமாகிவிட்டது. அட்டையில் ஐந்து பெயர்கள் இருக்கும். கண்விழித்து எழுதியவர் ஒருவராக இருப்பார். மதிப்பெண்ணோ ஐவருக்கும் ஒன்றே. இது நீதியா என்று நம் பிள்ளைகள் கேட்கும்போது, விட்டுக்கொடுப்பதே கிறிஸ்தவப் பண்பு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு மணி நேரமே உழைத்தவரும் முழுக் கூலி பெற்ற உவமையையும் (மத்தேயு 20) துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த வேலையாள்கள் மாலைவரை சும்மா நின்றது சோம்பலால் அன்று. அவர்களை வேலைக்கு அமர்த்துவார் இல்லை. இதை நாம் கவனிப்பதில்லை.

பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் ரிங்கெல்மான் 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து அளந்து, முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவருடைய பங்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. கூட்டத்தில் தன் உழைப்பு தனியே தெரியாதபோது மனிதர் தளர்கிறார். தெரியும்போது அத்தளர்ச்சி பெரிதும் மறைகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், நிறவேறுபாடின்றிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் அமர்த்தியபோது பகைமை மூண்டது. உளவியலாளர் எலியட் அரான்சன் பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். ஒவ்வொருவரும் தம் பகுதியை மற்றவர்க்குக் கற்பிக்க வேண்டும், தேர்வோ தனித்தனியே. தடுமாறிப் பேசும் மாணவனைக் கேலி செய்தவர்களும் அவன் சொல்லுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகள் உடலுக்கு இன்றியமையாதவை என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை ஒரு வகுப்பறை செய்து பார்த்தது எனலாம்.

ஆகவே, எல்லாவற்றையும் தானே சுமக்கும் கெட்டிக்காரப் பிள்ளையை நாம் புகழ்வதில் நமக்கு ஐயம் உண்டு. பல வேளைகளில் அது தாராள மனம் அன்று. பிறர் கைபட்டால் மதிப்பெண் குறையும் என்ற அச்சம். (பங்கு விழாக் குழுக்களிலும் இத்தகையோர் உண்டு.) அவர் மற்றவரை வேலைக்கு அமர்த்தாமலே நிறுத்தி வைத்துவிட்டு, பின்னர் அவர்கள் சும்மா நின்றதாகக் குறை சொல்கிறார்.

பணி கொடுத்தும் செய்யாதவர் நிலை வேறு. அவருக்காக மௌனமாக எழுதிக்கொடுப்பது அன்பாகாது. முதலில் தனிமையில் பேச வேண்டும், பிறகு ஓரிருவரோடு, அதன் பின்னரே ஆசிரியரிடம். மத்தேயு 18 காட்டும் வரிசையும் இதுவே. ஆசிரியரும் ஒவ்வொருவரையும் அழைத்து, "இதில் உன் பகுதி எது? விளக்கு பார்க்கலாம்" என்று கேட்ட பிறகு மதிப்பெண் இடட்டும். அட்டையில் பெயர் மட்டும் எழுதியவர் அப்போது என்ன விடை சொல்வார்?