முடியும் தேதி உள்ள கடன்

கடனை அடைக்கக் கடன் வாங்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கைமாற்று வாங்கி வட்டிக்காரருக்குக் கட்டி, அந்தக் கைமாற்றைத் திருப்ப இன்னொரு வாசலில் போய் நின்ற குடும்பங்களைப் பார்த்தவர்கள் சொன்ன சொல் அது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும், கிரெடிட் கார்டு பாக்கியில் மாட்டிக்கொண்ட ஒருவர் வங்கியில் தனிநபர் கடன் எடுத்து அந்தப் பாக்கியை ஒரேயடியாகக் கட்டிவிடலாமா என்று கேட்டால், பெரும்பாலும் கட்டிவிடலாம் என்றே சொல்வேன். வட்டி குறைவது இதில் ஒரு பாதி. அந்தக் கடனுக்கு முடியும் தேதி ஒன்று இருப்பது மறுபாதி. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் பெரும்பாலான கார்டுகள் நிலுவைக்கு மாதம் 3 முதல் 3.75 விழுக்காடு வரை வட்டி போடுகின்றன. நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி என்று தெருவில் ஒருவர் கேட்டால் நாம் வேறு இடம் பார்ப்போம். அதே வட்டி பில்லில் அச்சாகி வரும்போது பேசாமல் கட்டுகிறோம். அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. சாதாரணக் கடன் வட்டிக்கு இந்த வரி கிடையாது, கார்டு வட்டிக்கு உண்டு என்பது பலர் கவனிக்காத விஷயம். 2 லட்ச ரூபாய் பாக்கி, மாதம் 3.5 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், வட்டி 7,000, வரி 1,260, ஆக முதல் மாதமே 8,260 ரூபாய் போய்விடுகிறது. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி 10,000 ரூபாய் செலுத்துகிறவருக்கு அசலில் குறைவது 1,740 ரூபாய்தான். கார்டில் ஒரு பைசா கூடப் புதிதாகச் செலவழிக்காமல் மாதம் தவறாமல் 10,000 கட்டினாலும் கடன் தீர 43 மாதங்களுக்கு மேல் ஆகும். வட்டியும் வரியுமாக 2 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய் போகும். அதே 2 லட்சத்தை 15 விழுக்காடு ஆண்டு வட்டியில் தனிநபர் கடனாக எடுத்தால், மாதம் ஏறக்குறைய 9,700 ரூபாய்த் தவணையில் 24 மாதங்களில் தீர்ந்துவிடுகிறது. மொத்த வட்டி 33,000 ரூபாயைத் தொடாது. செயலாக்கக் கட்டணம் என்று இரண்டு விழுக்காடும் அதற்கு வரியும் பிடித்தாலும் ஐயாயிரத்துக்குள் அடங்கும். ஒரே குடும்பம், ஒரே சம்பளம், ஏறக்குறைய ஒரே மாதத் தொகை; வித்தியாசம் இரண்டு லட்சத்தை நெருங்குகிறது.

இவ்வளவு தெளிவான கணக்கை ஏன் பலர் பார்ப்பதில்லை? கார்டுக் கடன் ஒருபோதும் முழு உருவத்தில் நம் முன்னால் வந்து நிற்பதில்லை என்பதே காரணம். பில்லில் மொத்த பாக்கி ஓர் ஓரத்தில் இருக்கும். பக்கத்திலேயே ‘மினிமம் டியூ’ என்று ஒரு சிறு தொகை இருக்கும், பெரும்பாலும் நிலுவையில் 5 விழுக்காடு. அதைக் கட்டிவிட்டால் வசூல் ஆள் கூப்பிடமாட்டார், தாமதக் கட்டணம் விழாது, அந்த மாதம் தப்பித்த நிம்மதி வந்துவிடும். ஆனால் அந்த 5 விழுக்காட்டை மட்டுமே கட்டிக்கொண்டு போகிறவரின் கடன், மேலே சொன்ன வட்டிக் கணக்கில், பாதியாகக் குறையவே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பாக்கி வைத்த மாதத்திலிருந்து வட்டியில்லாக் காலச் சலுகையும் போய்விடுகிறது. புதிதாக வாங்கும் மளிகைக்கும் மருந்துக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. மினிமம் மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்று பில்லிலேயே எச்சரிக்கை போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. நீதிமன்றம் ஏதாவது செய்யும் என்று காத்திருக்கவும் இடமில்லை. 30 விழுக்காட்டுக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்ன தீர்ப்பை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

தனிநபர் கடனில் இந்த மறைவு இல்லை. எத்தனை தவணை, எந்த மாதம் கடைசித் தவணை என்பது கையெழுத்துப் போடும் நாளிலேயே தெரிந்துவிடும். முடியும் நாள் தெரிந்தால்தான் மகளின் கல்லூரிச் செலவையோ வீட்டு வாடகை உயர்வையோ அதற்கு முன், அதற்குப் பின் என்று வைத்துத் திட்டமிட முடியும். இந்தப் பலனை நாமே கெடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. தவணை குறையட்டும் என்று ஐந்து ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதம் 4,760 ரூபாய்தான். பார்க்க இதமாக இருக்கும். வட்டி மட்டும் 33,000க்குப் பதில் 85,000 ஆகிவிடும். கார்டுக்கு ஏற்கெனவே மாதம் எவ்வளவு கட்டிக்கொண்டிருந்தோமோ, அந்தத் தொகைக்குப் பக்கத்தில் தவணை அமையும்படி காலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் நியாயம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்று உண்மையிலேயே கனமானது. கார்டு பாக்கியைக் கட்டிய மறுநாள் கார்டின் முழு லிமிட்டும் திரும்ப வந்துவிடுகிறது. வருமானம் செலவுக்குப் போதாமல் கார்டைத் தேய்த்துப் பழகியவர் மீண்டும் தேய்க்கத்தான் செய்வார். ஒரு வருடத்தில் தவணையும் இருக்கும், பில்லும் இருக்கும். ஓட்டைப் பானையில் எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்தால் என்ன? இந்த வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். பெரியவர்களின் புத்திமதி உயிரோடு நிற்பதும் இந்த இடத்தில்தான். ஆகவே கார்டை மூடவோ, லிமிட்டை ஒரு மாதச் சம்பளத்தில் சிறு பங்காகக் குறைக்கவோ மனமில்லாதவருக்குத் தனிநபர் கடனை நான் பரிந்துரைக்கமாட்டேன். கார்டை மூடினால் கடன் மதிப்பெண் குறையுமே என்பார்கள். சிறிது குறையலாம். லிமிட் முழுவதும் நிரம்பிய கார்டு அந்த மதிப்பெண்ணைக் கெடுப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய இழப்பில்லை.

வீட்டில் நகை இருக்க, எதற்கு அதிக வட்டிக் கடன் என்பது தமிழ்நாட்டில் உடனே எழும் கேள்வி. வங்கி நகைக்கடனுக்கு வட்டி பொதுவாகக் குறைவு, உண்மைதான். ஆனால் பல நகைக்கடன்களில் மாதத் தவணை கிடையாது. ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி, மறு அடகு வைத்து, அசலைத் தொடாமல் தள்ளிக்கொண்டே போய்ப் பழகிய சமூகம் நம்முடையது. அங்கேயும் முடியும் தேதி காணாமல் போகிறது, கூடவே ஏலத்தில் நகையும் போகக்கூடும். அசலை மாதாமாதம் கட்டும் ஏற்பாடு இருந்தால், வீட்டுப் பெண்கள் மனமொப்பிக் கொடுத்தால், நகைக்கடன் நல்ல வழியே. இரண்டு நிபந்தனையும் சேர்ந்து அமைவது அரிது.

வருமானம் நிலையில்லாதவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் வேலை இருந்து ஒரு மாதம் இல்லாதவருக்குத் தனிநபர் கடன் தவணை வளைந்து கொடுக்காது. கார்டின் மினிமம் தொகை ஓரளவு மூச்சுவிட இடம் தரும். அவர்கள் இரண்டு மூன்று தவணைக்கான பணத்தைக் கையில் சேர்த்த பிறகே இதில் இறங்கலாம். கடன் மதிப்பெண் கெட்டு, 30 விழுக்காட்டுக்கு மேல் கேட்கும் கடன் செயலிகள் மட்டுமே கதவு திறக்கின்றன என்றால், இந்த மாற்றத்தில் பெரிய லாபம் இல்லை. கார்டு வங்கியிடமே பேசி பாக்கியைத் தவணையாக மாற்றக் கேட்பது மேல். எந்தத் தனிநபர் கடனானாலும், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் எவ்வளவு என்று முக்கிய விவரத் தாளில் எழுதித் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் கட்டாயம். விளம்பரத்தில் உள்ள வட்டியை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

கடன் பணம் கணக்கில் விழுந்த அன்றே கார்டு பாக்கியைக் கட்டிவிடுங்கள். இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி அடுத்த பில்லில் கொஞ்சம் வரும். அதையும் கட்டிவிட்டு, கார்டை மூடச் சொல்லி எழுதிக் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை வங்கி 7 வேலை நாட்களுக்குள் மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி சொல்கிறது.