இரண்டாவது டேக்

சீடன்: ஐயா, சிட்னி லூமெட்டின் ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ பார்த்தேன். வங்கிக் கொள்ளைப் படம் என்றார்கள். கூட வந்த ஒருவன் தொடக்கத்திலேயே கழன்றுகொள்கிறான். வங்கியில் இருப்பதோ 1,100 டாலர். வாசலில் போலீஸ். கொள்ளை அத்தோடு சரி. மிச்சப் படம் எதற்கு?

குரு: கொள்ளையடிக்க வந்த சோனி மிஞ்சுகிறானே. அவன் எதற்காகப் பணம் தேடினான்?

சீடன்: அவன் நேசிக்கும் லியோனின் பாலின மாற்று அறுவை சிகிச்சைக்கு. அது தெரியவரவே வெகுநேரம் ஆகிறது.

குரு: அதற்குள் அவனை உனக்குப் பிடித்துப்போயிற்று, இல்லையா? முதலிலேயே சொல்லியிருந்தால் 1975-இல் அரங்கமே சிரித்திருக்கும். லூமெட்டுக்கு அந்தப் பயம் இருந்தது. அதனால்தான், 1972-இல் புரூக்ளினில் உண்மையாகவே நடந்ததை நடந்தபடி பார்க்கிறோம் என்று நம்பவைக்கப் பாடுபட்டார். பின்னணி இசையே கிடையாது. தொடக்கத்தில் வரும் எல்டன் ஜான் பாட்டைக்கூடக் கார் ரேடியோவின் தலையில் கட்டிவிட்டார்.

சீடன்: இசையும் இல்லை. வசனத்திலும் பெரும்பகுதி நடிகர்கள் ஒத்திகையில் தாமாகப் பேசியது. எந்த நாட்டுக்குப் போகலாம் என்று கேட்டால் ‘வயோமிங்’ என்கிறாரே கூட்டாளியாக வரும் ஜான் கஸால், அது அவர் அந்த நொடியில் சொன்னதாம். இயக்குநருக்கு என்ன வேலை?

குரு: ஒத்திகைப் பேச்சையெல்லாம் ஃபிராங்க் பியர்சன் எழுத்தில் கோத்தார். ஆஸ்கர் அந்தத் திரைக்கதைக்குத்தான். இயக்குநரின் வேலை தெரிய வேண்டுமானால் தொலைபேசிக் காட்சிக்கு வா. சோனி லியோனிடம் பேசி முடித்த கையோடு மனைவியிடம் பேச வேண்டும். நடுவில் நிறுத்தினால் நடிகரின் சூடு ஆறிவிடும். ஃபிலிம் சுருளோ பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே லூமெட் இரண்டு கேமரா வைத்தார். ஒன்று தீர்ந்தால் மற்றது ஓடும். சோனியாக நடித்த அல் பச்சினோ முடித்து மூச்சு வாங்குவதற்குள் ‘மறுபடியும்’ என்றார். நீ பார்த்தது அந்த இரண்டாவது டேக்.

சீடன்: அந்தக் களைப்பு நடிப்பல்லவே. அதைப் பறிப்பது நியாயமா?

குரு: முடியாது என்று அவர் எழுந்து போயிருக்கலாம்.

சீடன்: கேமரா ஓடும்போது எந்த நடிகர் எழுந்து போவார், ஐயா?

குரு: நல்ல அடி. வேறு இயக்குநர் செய்திருந்தால் கொடுமை என்றே நானும் சொல்வேன். லூமெட் படப்பிடிப்புக்கு முன் வாரக்கணக்கில் நடிகர்களோடு ஒத்திகையில் கிடப்பவர். அங்கே சேர்த்த உரிமையை அன்று செலவழித்தார்.

சீடன்: இன்னும் மனம் ஒப்பவில்லை.

குரு: ஒப்ப வேண்டாம். ஆனால் மனைவியோடு பேசும் பகுதியை இன்னொரு முறை பார். அவள் விடாமல் பேசுகிறாள். இவன் ஒரு வார்த்தை நுழைக்க இடம் தேடித் தேடித் தோற்கிறான். புத்துணர்ச்சியோடு இருக்கும் நடிகரால் அப்படித் தோற்க முடியாது என்பது என் கட்சி.