கிருத்திகைக்கு கிருத்திகை ஒரு கணக்கு



இதைப் படிக்கிற தம்பி தங்கைகளில் பல பேருக்கு இன்னும் முப்பது வயசு ஆகியிருக்காது. நான் இன்னைக்குப் பேசப் போவது நாற்பத்தஞ்சைத் தாண்டினவங்க எடுக்கிற சபதத்தைப் பற்றி. உங்க அப்பாவையோ சித்தப்பாவையோ மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.

நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். வயசு 46. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாராக ஆரம்பிச்ச காலத்தில், ஐ.டி.ஐ. முடிச்ச கையோட இந்தப் பக்கம் வேலைக்கு வந்த பசங்க எல்லாம் இப்ப ஐம்பதை நெருங்கிட்டாங்க. கம்பெனி பஸ்ஸில் பேச்சே மாறிப் போச்சு. முன்னெல்லாம் ஓ.டி., போனஸ். இப்ப சுகர் எவ்வளவு, முட்டி வலிக்கு எந்த ஆஸ்பத்திரி. லைனில் புதுசா இறங்குற ரோபோவைப் பார்த்து, "நம்மள இன்னும் எத்தனை வருஷம் வெச்சிருப்பாங்க"ன்னு ஒரு பயமும் இருக்கு. அதனால ஆளுக்கு ஒரு சபதம். தினம் காலையில் அஞ்சு மணிக்கு நடக்கணும், பத்து கிலோ குறைக்கணும், பி.எல்.சி. கத்துக்கணும். கூடவே "முருகன் மேல சத்தியம்"னு ஒரு வார்த்தை.

அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாம்பன் சுவாமிகள் ஞாபகம் வரும். துறவு ஆசையில் இருந்த சுவாமிகள், "பழநிக்குப் போகிறேன்" என்று நண்பரிடம் சொன்னாராம். "முருகன் உத்தரவா?" என்று நண்பர் கேட்டார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டார். உத்தரவு எதுவும் வரவில்லை. நல்ல காரியத்துக்குச் சொன்ன சின்னப் பொய்தானே என்று நாம் நினைப்போம். முருகன் அப்படி நினைக்கவில்லை. கோபத்தோடு காட்சி கொடுத்து, நான் கூப்பிடும் வரை பழநிக்கு வரக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். 1929-ல் முக்தி அடையும் வரை சுவாமிகள் பழநி போகவே இல்லை.

இதைத் தண்டனைக் கதையாகத்தான் பல பேர் சொல்வாங்க. எனக்கு அந்தக் காவல் இல்லாத வருஷங்கள்தான் பெரிசாத் தெரியுது. யாரும் கணக்குப் பார்க்கலை, தடுத்து நிறுத்த ஆள் இல்லை. ஆசைப்பட்ட ஊர் அங்கேயேதான் இருந்தது. ஆனாலும் போகலை. ஒண்ணைச் செய்யாம இருக்கிறதும் விரதம்தான். எங்க ஆளுங்களுக்கு அந்தப் பழநி, நைட் ஷிஃப்ட் கேன்டீனில் ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற சர்க்கரை போட்ட டீயும் பஜ்ஜியும். (சிரிக்காதீங்க. மூணு ஷிஃப்ட் பார்த்தவனுக்குத்தான் அந்த பஜ்ஜியோட அருமை தெரியும்.)

"தினம் அஞ்சு மணிக்கு"ங்கிற சபதம் எங்ககிட்ட ஏன் நிக்கறதில்லை? ஏ ஷிஃப்ட் ஆறு மணிக்குத் தொடங்குது, அஞ்சு மணிக்கு நான் பஸ்ஸில் இருப்பேன். சி ஷிஃப்ட்டில் அதே அஞ்சு மணிக்கு மெஷின் முன்னாடி நிப்பேன். கடிகாரத்தை நம்பின சபதம் ஷிஃப்ட் மாறின அன்னைக்கே செத்துடும். நம்ம அப்பனோட காலண்டரைப் பாருங்க. கிருத்திகை சுமார் 27 நாளுக்கு ஒரு தடவை, சஷ்டி சுமார் 15 நாளுக்கு ஒரு தடவை. எந்தக் கிழமையிலயும் வரும். ஷிஃப்ட் மாதிரியே அதுவும் சுத்திக்கிட்டே இருக்கு.

எங்க லைனில் ஒரு அண்ணன், வயசு 48, இதைத்தான் பிடிச்சுக்கிட்டார். எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் தூங்கி எழுந்ததும் முதல் வேலை நடை. கிருத்திகை அன்னைக்கு மட்டும்தான் எடை பார்ப்பார். நாலு கிருத்திகைக்கு ஒரு தடவை மூணு மாச சராசரி சொல்ற சுகர் டெஸ்ட். நாலு கிருத்திகைன்னா 108 நாள், கணக்கும் ஒத்து வருது. சஷ்டிக்கு சஷ்டி பி.எல்.சி.யில் ஒரு புது லேடர் புரோகிராம் எழுதிப் பார்க்கிறார். சொல்லித் தர்றது 23 வயசு டிப்ளமோ பையன். "சார்"னு கூப்பிட்டு நோட்டில் எழுதிக்கிறார் அண்ணன். அப்பனுக்கே பாடம் சொன்ன சுவாமிமலை சாமியைக் கும்பிடுறவருக்கு அதில் என்ன வெட்கம்?

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லணும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்காம பட்டினி விரதம் இருக்கக் கூடாது. மெஷின் முன்னாடி சுகர் திடீர்னு இறங்கினா கை போயிடும். அப்பாவோ அம்மாவோ பிடிவாதம் பிடிச்சா, நீங்கதான் தடுக்கணும்.

எங்க பக்கத்து வல்லக்கோட்டை முருகன் ஏழடி உயரத்தில் நிக்கிறார். கர்வத்தால் அசுரன்கிட்ட நாட்டைப் பறிகொடுத்த பகீரத ராஜா, துர்வாசர் சொன்னபடி வெள்ளிக்கிழமை விரதம் இருந்து இங்கே வழிபட்டு, இழந்ததைத் திரும்பப் பெற்றார்னு தலபுராணம். எல்லாம் போன பிறகு, வாரம் ஒரு நாளிலிருந்து ஆரம்பிச்ச ராஜா.

அண்ணனுக்கு ரோபோ செல்லுக்கான தேர்வு அடுத்த மாசம். கேட்கிறது இளவட்டங்களைத்தான்னு பேச்சு, கிடைக்குமான்னு தெரியாது. வர்ற கிருத்திகைக்கு அவருக்கு சி ஷிஃப்ட். காலையில் ஆறு மணிக்கு முடிச்சு, கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வல்லக்கோட்டைக்கு நடக்கப் போறார். நானும் கூடப் போறேன்.

ஓம் சரவணபவ. முருகா சரணம்.