பாட்டன் தந்த பீங்கான்

ஆண்டிபட்டியில் ஒரு வீட்டுக் கூடத்திலே, கண்ணாடி அலமாரிக்குள் சீனத்துப் பீங்கான் தட்டுகளைக் கண்டோம். வெண்மையிலே நீலப்பூ, சுண்டினால் மணியோசை! "நான்கு தலைமுறைச் சொத்து, எங்கள் பரம்பரைப் பெருமை" என்றார் வீட்டுக்குடையவர்.

எவருடைய பெருமை, தோழர்களே? வெண்களிமண் பிசைந்து, ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்தில் சுட்டவன் சீனத்துக் குயவன். பெயரும் பாரசீகம் தந்தது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987இல் அகழ்ந்தபோது, 13, 14ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் கிடைத்தன. கடல் கடப்பது தீட்டு என்றது சாத்திரம். கடல் கடந்த தட்டைக் கண்டு வாய்மூடிக் கொண்டது!

அதே வீட்டுக் கொல்லையிலே உழவுக்கூலி ஒருவர் தண்ணீர் கேட்டார். கொட்டாங்கச்சியில் ஊற்றினர். அயல்நாட்டான் கை பிசைந்த மண் கூடத்திலே. உள்ளூரான் உதடு கொல்லையிலே! அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950இல்.

"நானா உண்டாக்கினேன்? பாட்டன் கால வழக்கம்" என்றார் பெரியவர். தட்டுக்கும் அதே விடை, கொட்டாங்கச்சிக்கும் அதே விடை! பழமை என்பதற்காகத் தட்டை உடைக்கச் சொல்லோம். டாட்டா உடன்பிறந்தார் திரட்டிய சீனப் பீங்கான்கள் பம்பாய் அருங்காட்சியகத்தில் ஊரார் காணவே இருக்கின்றன. ஆனால் தட்டு, எவரும் தொடாவிட்டாலும் அலமாரியில் இருக்கும். வழக்கம் அப்படியா? ஒவ்வொரு நாளும் ஒருவர் கை ஊற்றினாலன்றி அது ஒருநாளும் வாழாது. பாட்டன் கை மண்ணாகிவிட்டது. இன்று ஊற்றியது எவர் கை?

கேட்டோம். பெரியவர் துணியெடுத்துத் தட்டைத் துடைக்கலானார்.