முகவாய் கொஞ்சம் திரும்பட்டும்

1950-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்து சயோட்டோ கிளப்பில், பத்து வயது ஜாக் நிக்லாஸுக்கு கோல்ஃப் சொல்லித்தரத் தொடங்கினார் ஜாக் கிரௌட். மட்டையைச் சுழற்றும்போது பையனின் தலை ஆடியது. கிரௌட் தன் உதவியாளரை எதிரே நிறுத்தி, பையனின் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அப்படியே பந்தை ஓங்கி அடிக்க வேண்டும். தலை நகர்ந்தால் உயிர் போகும். இன்றைக்கென்றால் பெற்றோர் சண்டைக்கே போயிருப்பார்கள். அந்தப் பையன் பின்னாளில் கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் 18 பட்டங்களை வென்றதால், 'தலையை ஆட்டாதே' என்பவர்களுக்கெல்லாம் இந்தக் கதை கைவசம் இருக்கிறது.

என்னை ஈர்ப்பது நிக்லாஸின் வேறொரு பழக்கம். மட்டையைப் பின்னுக்கு எடுப்பதற்குச் சற்று முன், முகவாயை வலப்பக்கமாக லேசாகத் திருப்பிக்கொள்வார். தோள்கள் ஏறக்குறைய 90 பாகை திரும்பியாக வேண்டும். முகவாய் நேராகவே நின்றால் இடது தோளுக்கு வழியில்லை. ஒன்று திருப்பம் பாதியில் நிற்கும், இல்லையென்றால் தோள் தலையையும் இழுத்துக்கொண்டு போகும். அசையாமல் இருப்பதற்காகவே முதலில் அசைந்துகொண்டார் மனிதர். கதவு திரும்பக் கீல் இடம் பெயராமல் இருக்க வேண்டும், சரி. துருவேறி இறுகிய கீலும் இடம் பெயராமல்தான் இருக்கிறது.

அப்பா எழுபது வயதுக்கு மேல் ஊர் வீட்டை விற்றுவிட்டு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தார். வந்த மறுநாளே விடியற்காலைக் காப்பி, செய்தித்தாள், நடை எல்லாம் பழையபடி. 'மனுஷன் அசையவே இல்லையே' என்று உறவினர்கள் வியந்தார்கள். விற்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அவர் திண்ணையில் படுப்பதை நிறுத்தி, உள்ளறையில் மின்விசிறிக்குக் கீழே தூங்கப் பழகியது அவர்களுக்குத் தெரியாது. 'கொசு' என்று காரணம் சொன்னார். அந்த ஊரில் கொசு புதிதா என்ன?

அதற்காக, கோல்ஃபில் கடைசிவரை தலை குனிந்தே இருக்க வேண்டுமென்று சட்டமில்லை. ஸ்வீடனின் அனிகா சோரன்ஸ்டாம் பந்தை அடிக்கும் கணத்திலேயே முகத்தை இலக்கின் பக்கம் திருப்பிவிடுவார். பழைய பாடப்படி பெரும் பிழை. அவர் 10 மேஜர்களை வென்றார். 2001-இல், பெண்களுக்கான தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏவின் போட்டியில் ஒரு சுற்றை 59 அடிகளில் முடித்த முதல் பெண்ணும் ஆனார். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்கு அது சிக்காது. முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைவிட, உடம்பு தன் நடுவை விட்டுச் சாயாமல் சுழல்கிறதா என்பதே முக்கியம். சோரன்ஸ்டாமின் முகம் உடம்போடு சேர்ந்து திரும்பியது, உடம்பு சாயவில்லை.

என் சித்தி சோரன்ஸ்டாம் ஜாதி. வீட்டைக் காலி செய்த அன்று வண்டி தெரு முனை திரும்புவதற்குள், புது ஊரில் பால் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். கல்நெஞ்சு என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

கோல்ஃப் மைதானத்தில் ஒரு அடி தவறினால் போதும், 'தலையைத் தூக்கிட்டே' என்று பக்கத்தில் நிற்பவர் தீர்ப்பு சொல்லிவிடுவார். பல நேரம் முதலில் எழும்புவது இடுப்பும் முதுகும்தான். தலை அவற்றின் பின்னால் போகிறது. துக்க வீட்டிலும் கடன் நெருக்கடியிலும் 'தைரியமா இரு' என்பவர்களும் தலையை மட்டுமே பார்த்துப் பேசுகிறார்கள். ஐந்து நாளாகத் தூங்காத உடம்புக்கு முதலில் யாராவது ஒரு பாயை விரித்துக் கொடுக்கலாம்.