கருகிய பெட்டிக்கு யார் பொறுப்பு?

ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர் அருவியாக வீழும் இடம் கிளியூர். சேர்வராயன் மலையின் அப்பகுதியில் கோடை மழையும் ஐப்பசி மழையும் பெரும்பாலும் இடியோடுதான் வருகின்றன. மழை ஓய்ந்தபின் வாடகை வீடுகளில் ஒரு வழக்கு எழுவதுண்டு. மின்னழுத்தம் ஏறித் தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் கருகிவிட்டன. இழப்பை ஏற்பவர் யார்? வீட்டுக்காரர் வானத்தைக் காட்டுவார்; குடியிருப்பவர் வீட்டுக்காரரைக் காட்டுவார். நம்மவருள் வாடகைக்கு விடுவோரும் உளர், வாடகையில் வாழ்வோரும் உளர்.

சட்டம் ஓரளவு வழிகாட்டுகிறது. குடிவருவோர் இயல்பான கவனத்தால் கண்டறிய இயலாத பெருங்குறையை, அதனை அறிந்த வீட்டுக்காரர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவில். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையேல், மின்கம்பி அமைப்பை வீட்டுக்காரர் பொறுப்பிலும், சுவிட்சு, பிளக் பழுதுகளைக் குடியிருப்போர் பொறுப்பிலும் வைக்கிறது. மின்வாரியக் கம்பியில் குறையெனில் நுகர்வோர் ஆணையம் உண்டு.

ஆனால் நம் ஆசாரியர்கள் இதற்கும் முன்னே சென்று வினவுகின்றனர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், உயிர்க்கு ஊறு நேர்வதை மட்டும் கூறாமல், பிரமாதத்தால் நேர்வது என்று வரையறுத்தார். (இன்று நாம் ‘மிக நன்று’ என வழங்கும் சொல்லின் பழம்பொருள் கவனமின்மை என்பது விந்தையே.) அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இன்னும் கடுமையாக, கவனமாக நடப்பவனால் உயிர் மடிந்தாலும் இம்சையில்லை, கவனமற்றவனுக்கோ எவ்வுயிரும் மடியாவிடினும் இம்சை உண்டு என்று விளக்குகிறார்.

இதனை மெயின் பலகைக்குக் கொண்டு வருவோம். மூன்று பேஸ் இணைப்பு ஒன்றை மூன்று குடித்தனங்களுக்குப் பிரித்துத் தந்துள்ள வீடு. பொதுவான நியூட்ரல் கம்பியின் இணைப்பு தளர்ந்தால் ஒரு குடித்தனத்தில் விளக்கு மங்கும். மற்றொன்றில் மிகையாக ஒளிரும். அறவே விடுபட்டால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கக்கூடும். “விளக்கு ஏறி இறங்குகிறது அம்மா” என்று குடியிருப்பவர் சொன்னபோது, “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று விடை தந்த வீட்டுக்காரர், பெட்டி கருகும் முன்பே பொறுப்பேற்றுவிட்டார். அன்றிரவு இடி இடித்தது என்பது அவருக்கு வாய்த்த சாக்கு, அவ்வளவே. பெட்டி தப்பியிருந்தாலும் குற்றம் தப்பாது.

மின்பணியாளரை அழைத்துச் சோதித்து, பழுது நீக்கி வைத்த வீட்டில் மின்னல் புகுந்து அதே இழப்பு நேர்ந்தால், வீட்டுக்காரர் கடன்பட்டவர் அல்லர். இரங்கி அவர் ஏதேனும் கொடுத்தால் அது தானம். முந்தையவர் கொடுப்பது தானமாகாது. அதனைத் தானமென்று ஊரறியச் சொல்லிக்கொள்வதும் பொய்தான்.

குடியிருப்பவர்க்கும் விரதம் உண்டு. பியூஸில் தடித்த கம்பியைச் சுற்றியவர், இடி முழங்கியும் பிளக்கைக் கழற்றாதவர், தம் பங்கை ஒப்ப வேண்டும். பத்தாண்டுப் பழைய பெட்டிக்குப் புதியதன் விலை கேட்பதை எந்த நீதிமன்றம் எப்படிக் கருதினும், கள்ளாமை நோன்புடையோர் கேட்கலாகாது. அதுபோல, ஏழைக் குடித்தனக்காரர் வழக்காட மாட்டார் என்று தெரிந்து முன்பணத்திலேயே பிடித்துக்கொள்வதும் களவே.

வாடகை ஒப்பந்தத்தில் மீட்டர் எண்ணைக் குறிக்கும் இடத்திலேயே, மெயின் பலகையை மின்பணியாளர் கடைசியாகச் சோதித்த நாளையும் எழுதிவைக்கலாம். மலைப்பக்கத்தவர் அந்நாளைப் பங்குனிக்குள் அமைத்துக்கொள்வது நலம். சித்திரை பிறந்தால் இடி தொடங்கிவிடும்.