உலையின் உபகாரம்

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளிகளின் பசி தீர்க்கும் பொருட்டு, தமிழ் முஸ்லிம் வியாபாரிகள், மலாய் மொழியில் 'கண்டார்' எனப்படும் தோள்கழியின் இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, ஜார்ஜ் டவுன் வீதிகளில் கூவி விற்றதே, இன்று ஊர்ப்பெருமையாக விளங்கும் நாசி கண்டாரின் பூர்வ சரித்திரம். சமைக்க இடமும் அவகாசமும் இல்லாதிருந்த ஏழைகளுக்கு அது பேருபகாரம்; அடுப்பும் பாத்திரமும் வாய்க்கப்பெற்ற நாமோ, அதே சோற்றுக்காகத் தினந்தோறும் கடைவாசலில் வரிசையில் நின்று, காசையும் காலத்தையும் ஒருங்கே விரயம் செய்கிறோம்.

சௌராஸ்தா சந்தையில் காலையில் வாங்கிய ஒரு கட்டுக் காங்கோங் கீரையும், ஒரு கைப்பிடி நெத்திலியும், நாலைந்து வெங்காயமும், எலுமிச்சையளவு புளியும் வீட்டில் இருக்குமாயின், உலையிலிட்ட அரிசி வெந்து இறங்குவதற்குள் நெத்திலிச் சம்பலும் கீரைப் பிரட்டலும் புளி ரசமும் ஆயத்தமாகி, குடும்பம் முழுவதும் திருப்தியாக உண்டெழும். சிக்கனம் நாவின் சுகத்தைத் துறக்கும் விரதம் என்று அஞ்சுவோர், அந்த ரசத்தின் வாசனையை ஒருமுறை நுகர்ந்தால் போதும்.

விசேஷ நாளுக்குக் கடைச்சோறு அழகு; நித்திய வாழ்வுக்கு வீட்டு உலையே லக்ஷ்மி.